இருநூற்றுப் பதினான்கு படங்களும் போனில் இருந்தன

கமராவைத் தோளில் போட்டு இன்னும் ஐந்து வருடம் ஆகாதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு இப்படியொன்று நடந்திருக்கும். ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் தொழிலை விடும்வரை சொல்லவில்லை.

நான் எண்ணுகிற ஆள். நாற்பத்தொரு வருடம் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று படம் எடுத்தேன். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் யன்னல்களை எண்ணுவேன், பிறகு கதிரைகளை, பிறகு ஆட்களை. பிலிம் சுருளில் முப்பத்தாறு படம்தான். முப்பத்தேழாவது படத்துக்குத் தாலி காத்திருக்காது. அந்தப் பயத்தில் தொடங்கிய பழக்கம், பிலிம் போன பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுகிறேன். என்ன பயன் என்று மனைவி கேட்பார். பயன் ஒன்றும் இல்லை. எண்ணாவிட்டால் கை பரபரக்கும்.

எண்ணாத ஆட்களுக்குத்தான் பெரிய பிழை வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆவணி மாதம், நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாட்டுச் சனம் ஊரில் நிறைந்திருந்தது. நீர்வேலியில் ஒரு குடும்பம். ஆறு பிள்ளைகள். மூத்தவர் மட்டும் ஊரில், வாழைத்தோட்டம் செய்கிறவர். மற்ற ஐவரும் நாலு நாடுகளில். தாய்க்கு எண்பத்துநாலு வயது. பிள்ளைகள் ஆறு பேரும் தாயுடன் ஒரே முற்றத்தில் நின்று இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர் கடைசிப் பிள்ளை வசந்தி, பிரான்சிலிருந்து வந்தவர்.

"அண்ணை, எல்லாத்திலும் ஒரு படம்தான் முக்கியம். அம்மாவும் நாங்கள் ஆறு பேரும். புது ஹோலிலை நாலடி அகலத்துக்குப் போடப்போறம்."

"சரி பிள்ளை."

"மற்றது, பெரியண்ணையும் கனடா அண்ணையும் கதைக்கிறேல்லை. எல்லை மதில் பிரச்சினை. பதினொரு வருசம். பக்கத்திலை பக்கத்திலை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

கனடாக்காரர் அந்தப் பதினொரு வருடமும் ஊருக்கு வரவில்லை. இம்முறை வந்தும் நீர்வேலி வீட்டில் தங்கவில்லை. கொழும்புத்துறையில் மனைவியின் ஆட்கள் வீட்டில் தங்கியிருந்தார். படம் எடுத்த அன்று பின்னேரம் நாலரைக்கு அங்கிருந்து விமான நிலையத்துக்குப் புறப்படவேண்டும். இன்னொரு சகோதரர் முந்தைய நாள்தான் வந்து இறங்கியிருந்தார். ஆகவே ஆறு பேரும் ஒன்றாக நிற்கக்கூடியது அந்த ஒரு நாள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கவில்லை.

காலை ஏழு இருபது. முற்றத்தில் நல்ல வெளிச்சம். நான் யாரையும் எங்கும் நிறுத்தவில்லை, தாயே நிறுத்தினார். "இவன் இஞ்சாலை, அவன் அங்காலை" என்று சொல்லி, கதையாத அந்த இரண்டு பேரையும் தன் இரு பக்கத்திலும் இழுத்து, இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டார். பதினொரு படம் எடுத்தேன். அந்த அம்மாவுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. படம் என்றால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார் என்று வசந்தி முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஏழாவது படத்தில் மறந்துபோய்ச் சிரித்துவிட்டார். அந்த ஒன்றில்தான் எல்லோருடைய கண்ணும் கமராவில் இருந்தது. பதினாலு கண். போதும் என்று நிறுத்தினேன்.

பிறகு நயினாதீவுப் பயணம். தாயால் படகேற முடியாது, வீட்டில் நின்றுவிட்டார். வானில் சாரதியைத் தவிர பதினாலு பேர். மூத்தவர் முன் சீற்றில். கனடாக்காரர் கடைசிச் சீற்றில். இடையில் மூன்று வரிசை.

"பிள்ளை, பின்னுக்கு இருக்கிறவரைக் கேள், ஏசி காணுமோ எண்டு."

"முன்னுக்கு இருக்கிறவருக்குச் சொல்லு, காணும் எண்டு."

வசந்தியின் கணவர் என் பக்கம் சரிந்து, "உவை ரெண்டு பேருக்கும் நாங்கள்தான் தபாற்கந்தோர்" என்றார்.

வான் நகர்ந்த உடனே போன் வேலை தொடங்கிவிட்டது. குடும்பக் குழுவில் உலகம் முழுவதும் இருந்த சொந்தக்காரர் காத்திருந்தார்கள். "அண்ணை, லண்டன் மாமி கேக்கிறா, காலமைப் படம் எங்கை எண்டு." "அண்ணை, நோர்வேயிலை விடியமுந்தியே எழும்பிப் பாத்துக்கொண்டு இருக்கினம்." கமராவையும் போனையும் இணைத்து, மடியில் வைத்துப் படங்களை மாற்றத் தொடங்கினேன். பண்ணைப் பாலத்தில் இணைப்பு அறுந்தது. மண்கும்பானில் ஒருமுறை, வேலணையில் இரண்டுமுறை. அறும்போதெல்லாம் எதுவரை வந்தது என்று எண்ணி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். வழியில் இறக்கி எடுத்த படங்களும் சேர்ந்து, குறிகட்டுவான் துறைக்கு வந்தபோது அன்றைய படங்கள் கமராவில் இருநூற்றுப் பதினான்கு. போனில் எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. இன்னொருமுறை எண்ணினேன். அதேதான்.

படகுக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கமராவைப் பார்த்தேன். இன்னும் ஒன்பது படத்துக்குத்தான் இடம். முந்தைய நாள் சாமத்தியவீட்டுப் படங்களும் அதே கார்டில் கிடந்தன. அவற்றை வீட்டுக் கணினியில் ஏற்றியாகிவிட்டது. மாற்றுக் கார்ட்? பையின் ஐந்து அறைகளிலும் தேடினேன். அது வீட்டு மேசையில், கணினியோடு செருகியபடி இருந்தது.

முந்தைய நாள் படங்களை மட்டும் தெரிந்தெடுத்து அழித்திருக்கலாம். நாலைந்து நிமிடம் எடுக்கும். "அண்ணை, கெதியா, கயிறு அவிழ்க்கிறாங்கள்" என்று ஒருவர் கூப்பிட்டார். எல்லாம் போனில் இருக்கிறது, எண்ணிக்கையும் சரி. கார்டைப் போமற் பண்ணி, எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்தேன். இரண்டு விரல் அழுத்தம்.

கோயிலில் நூற்றெண்பத்தெட்டுப் படம் எடுத்தேன்.

திரும்பும் படகு இரண்டு பத்துக்கு. வசந்தி என்னருகில் வந்து அமர்ந்து, "அம்மாவின்ரை முகத்தைக் கிட்டப் பாப்பம் அண்ணை" என்று என் போனில் ஏழாவது படத்தை எடுத்து இரண்டு விரலால் விரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் சதுரம் சதுரமாக இருந்தது.

போனை வாங்கிக்கொண்டேன். படத்தின் அளவைப் பார்த்தேன். முந்தைய மாதம் ஒரு செத்தவீட்டில், வெளிநாட்டு மகனுக்குக் கெதியாகப் படம் போகட்டும் என்று, சிறிய அளவில் அனுப்பும்படி நானே செயலியில் மாற்றி வைத்திருந்தேன். திரும்ப மாற்றவில்லை. இருநூற்றுப் பதினான்கும் போனில் இருந்தன. இருநூற்றுப் பதினான்கும் சிறிய படங்கள். பெரிய படம் ஒன்றுகூட உலகத்தில் எங்கும் இல்லை.

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிப் போச்சு. படகு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆனால் சொன்னேன்.

துறையில் இறங்கியதும் எல்லோரும் தேநீர்க் கடைக்குப் போனார்கள். நான் சுவரோரம் போய் நின்று மானிப்பாய்க்குப் போன் எடுத்தேன். அங்கே அல்பம் செய்யும் ஒரு தங்கச்சி இருந்தார். பதினாறு வருடம் என் படங்களை அவர்தான் அச்சுக்கு ஆயத்தம் செய்தவர். எனக்கு அவர் பேச்சில் கொஞ்சம் பயமும் உண்டு.

"தங்கச்சி, கார்டைப் போமற் பண்ணிப்போட்டன்."

"அதுக்குப் பிறகு எத்தினை எடுத்தனீங்கள்?"

"நூற்றெண்பத்தெட்டு."

"அதையாவது எண்ணாமல் விட்டிருக்கலாம்" என்றார். "காலமையான் படங்களுக்கு மேலைதான் புதுசு ஏறியிருக்கும் அண்ணை. கார்டைக் கழற்றிப் பெட்டியிலை போடுங்கோ. இனி ஒண்டும் எடுக்காதேங்கோ. போனிலை இருக்கிறதை அனுப்புங்கோ, ஏஐயிலை போட்டுப் பெருசாக்கிப் பாப்பம்."

அனுப்பினேன். மூன்று மணிக்கு வான் புறப்பட்டது. வேலணையில் அவருடைய படம் வந்து விழுந்தது.

விரித்துப் பார்த்தேன். சதுரம் இல்லை. சேலைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது. மூத்தவரின் மீசையில் மயிர் மயிராக எண்ணலாம். எனக்கு மூச்சு வந்தது. பிறகு தாயின் முகத்துக்கு வந்தேன். அந்த அம்மாவுக்குப் பல் முளைத்திருந்தது. முன்னால் இரண்டும். பற்பசை விளம்பரத்தில் வரும் பல். நெற்றியில் திருநீறு ஒரே மட்டமாக, வண்ணம் பூசியது போல. இடது கன்னத்து மச்சம் இல்லை.

அவரே போன் எடுத்தார். "பாத்தீங்களோ?"

"பாத்தன். வடிவாத்தான் இருக்கு."

"ஓம், நல்ல வடிவு. ஆனால் உது அவையின்ரை அம்மா இல்லை."

"பல்லை மட்டும் திருத்தினால்?"

"திருத்தலாம். மச்சம் வைக்கலாம். திருநீறும் பூசலாம். முடிஞ்சாப்போலை அது நாங்கள் கீறின அம்மா. அண்ணை, ஆறு பேரும் இண்டைக்கு இருக்கினம்தானே?"

"நாலரை மட்டும்."

"அப்ப என்னோடை என்ன கதை" என்று வைத்துவிட்டார்.

நான் வானின் நடுவரிசையில் இருந்தேன். போனில் இரண்டு அம்மாக்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு சீற்றில் இருக்கவேண்டி வரும், அதனால் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் ஓடியது, யாருக்குத் தெரியும் என்பது. எண்ணிப் பார்த்தேன். மூத்தவருக்குத் தெரியும், அவர் தினமும் தாயோடு இருக்கிறவர். வசந்திக்கு ஒருவேளை தெரியும். மற்றவர்கள் பல்லைக் கண்டு, "அம்மாவை வடிவாக்கியிருக்கிறார்" என்று சந்தோசப்படக்கூடும். கனடாக்காரருக்குத் தெரியவே தெரியாது. பதினொரு வருடம் அவர் தாயைப் போன் திரையில்தான் பார்த்திருக்கிறார். கண்டுபிடிக்க முடியாத அந்த ஒருவரை நம்பித்தான் என் திட்டம் முழுவதும் நின்றது. அதை எண்ணிக் கண்டபோது போன் திரையை அணைத்தேன்.

ஆனால் சொன்னால்? இரண்டு பேரும் அந்த முற்றத்தில் ஒருமுறை நிற்கச் சம்மதித்ததே பெரிய காரியம். வசந்தி மூன்று வாரம் போனில் மன்றாடியிருந்தார். இரண்டாம்முறை கேட்டு ஒருவர் மறுத்துவிட்டால், காலையில் நின்றதும் இல்லையென்று ஆகிவிடும். இந்தக் கணக்கும் பொய்யில்லை. சொல்லாமல் இருப்பதற்குக் கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை, அதுதான் கஷ்டம்.

பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் போனால், வான் முதலில் கொழும்புத்துறைக்குத் திரும்பிக் கனடாக்காரரை இறக்கும். பாலத்துக்கு முன்பு சொல்லவேண்டும். மணியைப் பார்த்தேன். மூன்று இருபத்தாறு. கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பவும் பார்த்தேன். மூன்று இருபத்தாறுதான். அப்போது மானிப்பாயிலிருந்து ஒரு செய்தி வந்தது. "ரெண்டு கார்ட் கொண்டு நீர்வேலிக்கு வெளிக்கிட்டிட்டன். வாசலிலை நிப்பன்."

நான் இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார்.

மண்கும்பான் தாண்டியதும் சாரதியிடம், "தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றேன். வாந்தி எடுக்கப் போகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் பை நீட்டினார்கள். எழுந்து நின்றேன். வான் கூரை தலையில் இடித்தது.

"காலமை எடுத்த படம் நாலடிக்கு வராது. பெரிய படத்தை நான் அழிச்சுப்போட்டன். போனிலை இருக்கிறது சின்னது. திரும்ப எடுக்கவேணும், இண்டைக்கே."

அவ்வளவுதான். படகுக்காரர் கயிறு அவிழ்த்ததையோ லண்டன் மாமியையோ நான் சொல்லவில்லை. இப்படியான வேளையில் காரணம் சொன்னால், கேட்கிறவர்கள் காரணத்தோடு சண்டை பிடிப்பார்கள், நேரம் போய்விடும். நடந்தது என்ன, இப்போது என்ன வேண்டும். இரண்டே வசனம் காணும்.

வசந்தி போனை மடியில் கவிழ்த்து வைத்தார். நடுவில் ஒரு சகோதரி, "அவர் எப்பிடித் திரும்ப நீர்வேலிக்கு வாறது, நாலரைக்குக் கார்" என்றார்.

கடைசிச் சீற்றிலிருந்து குரல் வந்தது. "நான் சம்மதிச்சது ஒருக்காத்தான்."

முன் சீற்றிலிருந்து, திரும்பாமலே: "பிள்ளை, அவரைக் கேள், காலமை அம்மாவுக்குப் 'போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவரோ எண்டு."

"போனிலை சொல்லுவன் எண்டு சொல்லு."

"எயர்போட்டிலை நிண்டோ எண்டு கேள்."

வசந்தி இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன். தபாற்கந்தோர் பூட்டியாச்சு."

அவர் கணவர் சிரித்து, சிரித்ததற்காக வெளியே பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிடம் போய்க்கொண்டிருந்தது. இப்படியே ஐந்து நிமிடம் நின்றால், எல்லோரும் சம்மதித்தாலும் பயனில்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. அது ஒன்றாவது அன்று சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன். என் பிழையைச் சொல்வது என் வேலை. அவர்களைச் சம்மதிக்கவைப்பது என் வேலை இல்லை.

கனடாக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கொழும்புத்துறைக்குப் பேசினார். பெட்டியை வாசலில் எடுத்து வைக்கச் சொன்னார், காரைக் கொஞ்சம் மறிக்கச் சொன்னார். சாரதியிடம், "வானை நீர்வேலிக்கு விடுங்கோ" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நாலு பதினெட்டுக்கு வாசலில் நின்றோம். மானிப்பாய்த் தங்கச்சி ஸ்கூட்டியில் சாய்ந்தபடி கார்டை நீட்டினார். "சொல்லிப்போட்டீங்களோ?" "ஓம்." "முகத்திலை தெரியுது" என்று சொல்லி விலகி நின்றார்.

தாய் வீட்டுச் சேலைக்கு மாறி, முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "காலமை எடுத்தது காணாதோ?"

"அது சின்னதாப் போச்சு அம்மா" என்றார் மூத்தவர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வெளிச்சம் நன்றாக இல்லை. மேற்கிலிருந்து முகத்தில் அடித்தது. கடற்காற்றில் எல்லோருடைய தலையும் கலைந்திருந்தது. ஒரு சகோதரியின் மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. தாய் காலையில் போலவே இருவரையும் இழுத்து மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு விரலில் கீரை ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை, நேரம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோரும் விறைத்து நின்றார்கள். தாய் வாயை மூடிக்கொண்டிருந்தார். நாலு. ஐந்து. கனடாக்காரர் மற்றக் கையில் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நல்லூரடியாலை போகாதை" என்றார் மூத்தவர், கமராவைப் பார்த்தபடி. "றோட்டு அடைச்சிருப்பாங்கள்."

"எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாது. பதினொரு வருசமா நீ வரேல்லை. இருபாலையிலை திரும்பி அரியாலைப் பக்கமாப் போ."

"அது சுத்து."

"சுத்தில்லையடா. இப்ப றோட்டு நல்லம்."

"நல்லம் எண்டு எனக்கு ஆர் சொன்னது? ஆரும் சொன்னால்தானே தெரியும்."

"ரெண்டு பேரும் என்ரை காதுக்குள்ளை கத்தாதேங்கோ" என்று தாய் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவது படம் அது.

இன்னும் மூன்று எடுத்தேன். நாலு முப்பத்தொன்றுக்கு வான் புறப்பட்டது. இம்முறை முன் சீற்றில் இருந்தவர் கனடாக்காரர். மூத்தவர் சாரதியின் யன்னலைப் பிடித்துக்கொண்டு அரியாலை வழியை இரண்டுதரம் விளக்கினார். விமானம் தவறவில்லை என்று மறுநாள் வசந்தி செய்தி அனுப்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய கார்டைத் தோண்டிப் பார்த்தோம். இருநூற்றுப் பதினான்கில் நாற்பத்துமூன்று மீண்டன. காலைக் குடும்பப் படம் ஒன்றும் இல்லை.

இந்தக் கதையை ஒருமுறை சொன்னபோது ஒரு தம்பி, "அப்ப நீங்கள் அழிச்சது நல்லதாப் போச்சு ஐயா" என்றார். அப்படிச் சொல்லாதீர்கள். கொழும்புத்துறையில் கார் காத்துநின்றிருக்காவிட்டால், நல்லூர்ப் பக்கம் வான் மாட்டியிருந்தால், பின்னால் இருந்தவர் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் ஒரு குடும்பத்தின் இருபத்தாறு வருடத்தை இரண்டு விரலால் அழித்த ஆள். அது நடக்காமல் போனதற்கு நான் காரணம் இல்லை. எனவே பயணத்தில் படம் மாற்றும்போது எண்ணுங்கள், எண்ணியபின் ஒன்றைத் திறந்து, ஒரு முகத்தைக் கண் அளவுக்கு விரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து இன்னொரு இடத்தில் ஏற்றும்வரை கார்டில் கை வைக்காதீர்கள். லண்டன் மாமி காத்திருப்பார்.

நாலடிக்குப் போட, ஒன்பது படத்தையும் அனுப்பினேன். ஆறாவது வேண்டாம், அது கழிவு என்று எழுதியும் அனுப்பினேன். ஏழு பேர், பதினாலு கண். கமராவைப் பார்ப்பவை எட்டு. தாயின் கண் இரண்டும் சிரிப்பில் மூடியிருக்கின்றன. சகோதரர் இருவரின் நாலு கண்ணும் தாயின் தலைக்கு மேலால் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் ஆறாவதைத்தான் தெரிந்தெடுத்தார்கள்.

நீர்வேலிப் பக்கம் போனால் அந்த வீட்டுக்குப் போவேன். தேநீர் வரும்வரை ஹோலில் நின்று அந்தப் படத்தைப் பார்ப்பேன். வெளிச்சம் பிழை, நிற்கும் வரிசை கோணல், விரலில் கீரை. பிறகு கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றி, தாயின் வாயைப் பார்ப்பேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. சரியாக இருக்கிறது.